பூஜையில் வைத்த பெட்டி

இல்ல தம்பி, பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா ஆடும், விழும், தேவையா? உங்களுக்கு இடிக்கலேல்ல? அப்பச் சரி. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்வாங்க, அந்தக் கனமெல்லாம் இதுல இல்லை. நாலு இட்லி, ஒரு துண்டு, ஒரு ஃபைல். அவ்வளவுதான்.

வேலூர்ல ஏறினீங்க, பார்த்தேன். எங்க இறங்கணும், ஓசூரா? நான் பூந்தமல்லியிலேர்ந்து வரேன், பெங்களூரு வரைக்கும். மூணு மணிக்கு ஒரு விசாரணை. ஐயையோ, என் மேல இல்லை. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினவன் இல்லை இந்த ஏகாம்பரம். என்னைச் சாட்சியாத்தான் கூப்பிட்டிருக்காங்க. விசாரணை ஒரு பொண்ணு மேல. எனக்குக் கீழ வேலை பார்த்தவ. ரிட்டயர்மெண்ட்டுக்கு நாலு மாசம் இருக்கறப்ப என்னை இப்படி பஸ் ஏற வச்சுட்டா.

என்ன வேலைன்னு கேட்டா எங்க வீட்டம்மாவுக்கே இன்னும் புரியல, உங்களுக்குச் சொல்றேன். ஆவடிப் பக்கம், பாதுகாப்புத் துறை. ஆபீஸ் பேரு வேணாம், முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. நான் மார்க் போடறவன். வாத்தியார் பசங்களுக்குப் போடறார், நான் திட்டங்களுக்குப் போடறேன்.

உங்க வீட்டுல பல்ப் ஃபியூஸ் போனா என்ன பண்றீங்க? தெருமுனைக் கடையில எந்தக் கம்பெனி பல்ப் இருந்தாலும் வாங்கி மாட்டிடறீங்க. மிக்ஸி ஜார் உடைஞ்சா? அதே கம்பெனி ஜார்தான் உக்காரும், வேற ஜார் உக்காராது. அந்தக் கம்பெனி மூடிட்டுப் போயிட்டான்னா மிக்ஸியையே தூக்கிப் போட வேண்டியதுதான். ராணுவ வண்டில இருக்கற பெட்டியெல்லாம் இத்தனை வருஷமா மிக்ஸி ஜாராத்தான் இருந்துச்சு. ரேடியோ கெட்டா அதைச் செஞ்சவன் காலையே பிடிக்கணும். இனிமே எல்லாம் பல்ப் மாதிரி இருக்கணும், ஒரு கம்பெனி பெட்டியைக் கழட்டினா அந்த இடத்துல இன்னொரு கம்பெனி பெட்டி உக்காந்து வேலை செய்யணும்னு உத்தரவு. மாட்யூலர்ம்பாங்க, ஓபன் சிஸ்டம்பாங்க. எந்தத் திட்டம் எவ்வளவு தூரம் அப்படி மாறியிருக்குன்னு நாப்பது கேள்வி வச்சு நூத்துக்கு மார்க் போடணும். அதுதான் நான்.

லேசுல போட மாட்டேன் தம்பி. அறுபதைத் தாண்டினவங்க ரொம்பக் கம்மி. 'ஏகாம்பரம் கையால எழுபது வாங்கறது ஐஐடியில சீட் வாங்கற மாதிரி'ன்னு டைரக்டரே சொல்வார்.

போன வருஷம் ஒரு திட்டம் வந்துச்சு. மலையில ஓடற வண்டிக்குப் பேச்சுப் பெட்டி. வண்டிக்கும் கீழ இருக்கற முகாமுக்கும் நடுவுல பேசறதுக்கு. ஒரு கம்பெனி செஞ்சது, அது கெட்டா மாட்டறதுக்கு ஸ்பேர் இன்னொரு கம்பெனி செஞ்சது. ரெண்டும் ஒரே அளவு, ஒரே பின், பார்க்க இரட்டைப் பிள்ளைங்க. டைரக்டருக்கு அது செல்லப் பிள்ளை. 'ஏகாம்பரம், இது நம்ம ஊருக்கே பேர் வாங்கித் தரப் போகுது'ன்னார். நான் அதுக்காகப் போட்டேன்னு நினைக்காதீங்க. பேப்பர் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. தொண்ணூத்தி ஒண்ணு போட்டேன்.

அந்தத் திட்டத்துலதான் இவ எனக்கு உதவிக்கு வந்தா. ஜெபசீலி. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத். இருபத்தெட்டு வயசு இருக்கும். வேலையில கெட்டிக்காரி தம்பி, அதை நான் இல்லைங்கல. ஆனா ஒரு குணம், எதையும் பிரிச்சுப் பார்க்கணும். டீ மிஷின் கெட்டா மெக்கானிக் வரதுக்குள்ள கழட்டி வச்சிருப்பா.

பதினாலாவது கேள்வி, 'இணைப்பு விவரக் கோப்பு உள்ளதா?' பெட்டியில எந்தப் பின்ல எந்தச் சேதி எப்படிப் போகுதுன்னு எழுதின கோப்பு அது. அது கையில இருந்தாத்தான் இன்னொரு கம்பெனிக்காரன் அதுக்குச் சேர்ற மாதிரி செய்ய முடியும். கம்பெனி கவர்ல போட்டு, அரக்கு சீல் வச்சு, 'ரகசியம்'னு எழுதிக் குடுத்திருந்தான். நான் கவரை எடுத்துப் பார்த்தேன், கனமா இருந்துச்சு, பத்துக்குப் பத்து போட்டேன்.

இவ எட்டிப் பார்த்துட்டு, "ஐயா, கவர் ஒட்டியிருக்கே. அந்த ரெண்டாவது கம்பெனிக்காரவுக இதப் பாத்திருப்பாகளா?"ங்கறா.

"கேள்வியைப் படிம்மா. 'கோப்பு உள்ளதா?' உள்ளது. யார் பார்த்தான்னு கேட்டிருக்கா?"

"கேக்கல ஐயா. ஆனா அதுக்குத்தான கேட்டிருக்காக?"

எப்படி வாய் பாருங்க! கேள்விக்குப் பதில் சொல்றதுதான் பரீட்சை, கேள்வி எதுக்குக் கேட்டாங்கன்னு ஆராய்ச்சி பண்றதா? முறைன்னு ஒண்ணு இருக்கு. சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டா.

இட்லி சாப்பிடறீங்களா? மிளகாப்பொடி தடவினதுதான், கெடாது. வேணாமா. சரி, அப்புறம் சாப்பிடுவோம்.

முப்பத்தேழாவது கேள்விதான் வினை. 'மாற்றுப் பெட்டியைப் பொருத்தி நேரடிச் சோதனை செய்யப்பட்டதா?' அதுக்கு முதல் பெட்டியைக் கழட்டி ரெண்டாவதை மாட்டிப் பேசிப் பார்க்கணும். அரை நாள் வேலை. வியாழக்கிழமை டெல்லிக்கு அறிக்கை போகணும். திங்கட்கிழமை காலையில இவ ஸ்குரூ டிரைவரோட வந்து நிக்கறா. அன்னிக்கு என்ன நாள் தெரியுமா? எங்க செக்‌ஷன்ல ஆயுத பூஜை. செவ்வாய், புதன் லீவு, அதனால திங்கட்கிழமையே போடறது வழக்கம். அவ வர்றதுக்கு முன்னாடியே சோதனை மேஜையெல்லாம் துடைச்சு, மீட்டர், ஸ்பேனர், அந்த ரெண்டு பெட்டி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டாச்சு. கற்பூரம் காட்டியாச்சு.

பூஜையில வச்ச பொருளைத் தொடலாமா தம்பி? நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டுல தொடுவாங்களா? விஜயதசமி அன்னிக்கு மறுபூஜை போட்டு எடுக்கற வரைக்கும் புஸ்தகத்தையே திறக்க மாட்டோம். நாங்க ஒரு செங்கல்லை வச்சுப் பூஜை போட்டாலும் அது அன்னிக்கு சாமிதான்.

சொன்னேன். "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நீ வேற. எங்க பழக்கத்துல இதைத் தொடக் கூடாது."

அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. "நான் தொடல ஐயா. எப்ப தொடலாம்னு மட்டும் சொல்லுங்க"ன்னா.

நான் பதில் சொல்லல. எனக்கு மத்தியானம் திருப்பதிக்குக் கிளம்பணும், வீட்டம்மா ஏழு மாசமா கேட்டுக்கிட்டிருந்தா. அறிக்கையை முடிச்சேன். முப்பத்தேழுக்கு 'செய்யப்பட்டது'ன்னு போட்டேன். சோதனை செய்தவர் பேரு எழுதற இடத்துல ஜெபசீலின்னு எழுதினேன். பொய்யில்லை தம்பி. அந்த மாசம் சோதனை ரிஜிஸ்டர்ல அவ பேருதான். யார் டியூட்டியோ அவங்க பேரு போடறது, அதான் முறை. மத்தியானமே டெல்லிக்கு அனுப்பிட்டேன்.

என்ன? வியாழக்கிழமைதானே கடைசி நாள், புதன்கிழமை விஜயதசமி ஆச்சே, அன்னிக்குப் பார்த்திருக்கலாமேன்னா... லீவு தம்பி. மறுபூஜை போட ஒரு மணி நேரம் திறப்பாங்க, பொரியும் சுண்டலும் குடுத்துட்டு மூடிடுவாங்க. அது ஒரு வேலை நாளா? நீங்களும் அவளை மாதிரியே கேக்கறீங்க.

ஜனவரியில ஆறு வண்டி மலைக்குப் போச்சு. எந்த மலைன்னு கேக்காதீங்க. நல்ல பனி. ஒரு வண்டி பாதி வழியில மாட்டிக்கிச்சு, ரோடு அடைச்சுப் போச்சு. பெட்டி வேலை செய்யல. ஓட்டினவன் பேரு மாதையன், நம்ம தர்மபுரிப் பக்கம் பையன், ராணுவத்துல நாயக். ஸ்பேர் பெட்டியை எடுத்து மாட்டியிருக்கான். சேதி ஒண்ணும் வராததால, முகாம்ல இருந்தவங்க வண்டி எங்கயோ பத்திரமா நிக்குதுன்னு நினைச்சுட்டாங்க. பதினாலு மணி நேரம். அவன் இறங்கி நடந்திருக்கான். பனி கடிச்சு, வலது கால் முட்டிக்குக் கீழ இப்ப இல்லை.

அவன் ஆஸ்பத்திரியில குடுத்த வாக்குமூலம் எனக்கும் ஒரு காப்பி வந்துச்சு. ரெண்டே வரி. 'விளக்கு எரிஞ்சுது சார். பேசல.' அவ்வளவுதான் சொல்லியிருக்கான். அதுக்கு மேல என்னத்தைச் சொல்வான் பாவம்.

போய்ப் பார்த்தீங்களான்னா... கிருஷ்ணகிரியிலேர்ந்து ஒரு மணி நேரம்தான் அவன் ஊர். மனசுல இருக்கு. ஆனா விசாரணை நடக்கறப்ப போய்ப் பார்க்கறது முறையில்லை. நாளைக்கு எவனாவது ஒண்ணு சொல்வான்.

தண்ணி இருக்கா தம்பி? ஒரு வாய் குடுங்க. ம். வெயில் பாருங்க, பதினோரு மணிக்கே.

அப்புறம் என்ன, விசாரணை வந்துச்சு. சோதனை செஞ்சவ யாரு? ஜெபசீலி. செய்யாத சோதனையைச் செஞ்சேன்னு போட்டிருக்கா. சஸ்பெண்ட். அவ என்ன சொல்றா தெரியுமா? விஜயதசமி அன்னிக்கு வந்து பெட்டியை மாட்டிப் பார்த்தாளாம், பேசலையாம், எழுதி ஒரு கவர்ல போட்டு மறுநாள் என் கையில குடுத்தாளாம். காப்பி எங்கன்னா, இல்லை. எங்க இடத்துல கேமரா வச்ச செல்போன் உள்ள விட மாட்டான், அதனாலதான் நானே இன்னும் இந்தப் பட்டன் ஃபோனை வச்சு அழறேன். ஜெராக்ஸ் எடுக்கணும்னா என் கையெழுத்து வேணும். ஆக அவ சொல்றதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. 'உங்களிடம் அப்படி ஒரு கவர் தரப்பட்டதா?'ன்னு எனக்குக் கேள்வி வந்துச்சு. 'நினைவில்லை'ன்னு எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு மூணு மணிக்கு அதையே நேர்ல சொல்லிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அவ வேலை போகும். சின்ன வயசுதானே, வேற வேலை கிடைக்கும். இந்த வயசுல நான் எங்க போவேன்?

நினைவில்லைங்கறது பொய்யா தம்பி? அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு சத்தியமா எனக்கு நினைவில்லை. படிக்காததை எப்படி நினைவு வச்சுக்கறது?

என்ன அப்படிப் பார்க்கறீங்க?

...ஆமா. குடுத்தா. குடுத்தாதான். வியாழக்கிழமை காலையில, திருப்பதி லட்டு குடுக்கறேன், அவ கவரைக் குடுக்கறா. வாங்கி டைரிக்குள்ள வச்சேன். வேலை ஜாஸ்தி, பிரிக்க நேரமில்லை. எட்டு மாசமா நேரமில்லையான்னு கேக்கறீங்க. கேளுங்க, கேளுங்க. யாரோ முன்ன பின்ன தெரியாதவர், உங்ககிட்ட மறைச்சு எனக்கென்ன ஆகப் போகுது. பிரிச்சா தெரிஞ்சுடும் தம்பி. தெரிஞ்சா டெல்லிக்கு ஃபோன் பண்ணி 'ஐயா, என் தொண்ணூத்தி ஒண்ணு தப்பு'ன்னு சொல்லணும். டைரக்டர் முகத்துல முழிக்கணும். பிரிக்காத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது பாருங்க.

எங்கயா? இதோ, இந்தப் பையில. இட்லி, துண்டு, ஃபைல்னு சொன்னேன். கவரும் இருக்கு.

வீட்டுல வைக்கப் பயம். கிழிச்சுப் போடவும் மனசு வரல. காகிதம் சரஸ்வதி, கால் பட்டாலே கண்ணுல ஒத்திக்கறவங்க நாம, எழுதின காகிதத்தைக் கிழிப்போமா? பாலாத்துல போட்டுடலாம்னுதான் கொண்டு வந்தேன். ஆற்காட்டுப் பாலத்துல ஜன்னலைக்கூடத் திறந்துட்டேன். பாலாத்துல எங்கய்யா தண்ணி? ஒரே மணல். போட்டா அப்படியே கிடக்கும், எவனாவது எடுத்துப் படிப்பான். மறுபடி பைக்குள்ளயே வச்சேன்.

சிரிக்காதீங்க தம்பி. ராத்திரி படுத்தா அந்த ரெண்டு வரிதான் காதுல கேக்குது. விளக்கு எரிஞ்சுது சார். பேசல. சாமி ரூமுல விளக்கேத்த உக்காந்தா அதுவே வருது. வீட்டம்மாகிட்ட சொல்ல முடியல, யாருகிட்டயும் சொல்ல முடியல. 

பிரிக்கலாமா? இப்பவா? இங்கயா?

நீங்க சொல்றது சரி, அவ என்னைப் பத்திக் கண்டபடி எழுதியிருந்தா அது தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லதுதான். திட்டித்தான் எழுதியிருப்பா. நான் அவளை எல்லார் முன்னாடியும் 'நீ வேற'ன்னு சொன்னேனே, விட்டிருப்பாளா? 'ஏகாம்பரம் பூஜையைக் காரணம் காட்டி ஏமாத்தினான்'னு எழுதியிருப்பா. இந்தாங்க. நீங்களே பிரிங்க. ஓரமாக் கிழிங்க. மெதுவா. படிங்க. சத்தமா வேணாம், எனக்குக் கேட்டாப் போதும்.

'ஐயா, வணக்கம்.' ம்.

'இன்று விஜயதசமி. மறுபூஜை முடியும்வரை காத்திருந்து, எல்லோருக்கும் பொரி கொடுத்த பிறகே பெட்டியைத் தொட்டேன். சந்தனம் அழியாமல் ஓரமாகப் பிடித்துத்தான் கழற்றினேன். எனக்கு முறை தெரியவில்லை என்றால் மன்னிக்கவும்.'

இருங்க. இருங்க தம்பி. அப்படியா எழுதியிருக்கா? சந்தனம் அழியாமலா?

சரி. மேல படிங்க.

'மாற்றுப் பெட்டி நன்றாக உட்காருகிறது. விளக்கு எரிகிறது. ஆனால் பேசவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை இருந்து மூன்று முறை பார்த்தேன்.'

விளக்கு எரிகிறது. பேசவில்லை. ஐயோ. அதே வார்த்தை தம்பி. அந்தப் பையன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு சொன்ன அதே வார்த்தை. மூணு மாசம் முன்னாடியே இவ எழுதி என் கையில குடுத்திருக்கா. என் டைரிக்குள்ள இருந்திருக்கு. லட்டு குடுத்தேன் தம்பி அவளுக்கு, லட்டு குடுத்துட்டு இதை வாங்கி மூடி வச்சேன்.

இல்லை, நிறுத்தாதீங்க. படிங்க. மீதியையும் கேட்டுடறேன்.

'சீல் வைத்த கவரை அந்த இரண்டாவது கம்பெனிக்குக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சரி செய்துவிடுவார்கள். டெல்லிக்கு ஒரு வரி எழுதினால் போதும். யார் தவறு என்று கேட்டால் இருவரும் சேர்ந்து செய்த தவறு என்றே எழுதுங்கள் ஐயா. திங்கட்கிழமை நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு ஓய்வு பெறும் நேரம், உங்கள் பேர் மட்டும் தனியாக வர வேண்டாம். இப்படிக்கு, ஜெபசீலி.'

...

கண்ணாடியைத் துடைக்கறேன், வேற ஒண்ணுமில்லை.

சேர்ந்து செஞ்ச தப்பாம். அவ என்ன செஞ்சா? ஸ்குரூ டிரைவரோட வந்து நின்னா. எப்ப தொடலாம்னு கேட்டா. அதுக்குக் கூட நான் பதில் சொல்லல. பூஜையை அவ மதிச்சிருக்கா தம்பி. நான் எங்க மதிச்சேன்? எனக்குத் திருப்பதிக்கு நேரமாச்சு. சாமியைக் கொண்டு போய் நடுவுல நிறுத்தி, அவர் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

அந்தக் கம்பெனிக்காரன் அரக்கு வச்ச கவரையும் பிரிக்கல, இதையும் பிரிக்கல. ரெண்டையும் மூடி வச்சதுக்கு எனக்குத்தான் பத்துக்குப் பத்து போடணும். த்தூ.

எந்த ஊர் இது? சூளகிரி தாண்டிடுச்சா? ஓசூர் எவ்வளவு நேரம்? இருபது நிமிஷம்தானா?

தம்பி, உங்க ஃபோன்ல கேமரா இருக்கில்ல. இந்தக் கடுதாசியை ஃபோட்டோ எடுங்க. வெளிச்சத்துல நல்லாப் பிடிச்சு எடுங்க, பஸ் ஆடுது. கவரையும் எடுங்க, மேல தேதி போட்டிருக்கா பாருங்க. எடுத்தாச்சா? என் டைரியில 'ஜெ'ல அவ நம்பர் இருக்கு. அதுக்கு அனுப்புங்க. வாட்ஸாப்ல.

விசாரணையில நானே நேர்ல குடுத்துட்டாப் போதாதான்னு கேக்கறீங்களா? குடுப்பேன். இப்பக் குடுக்கணும்னுதான் இருக்கு. ஆனா ஓசூர்ல நீங்க இறங்கிடுவீங்க. அங்கேர்ந்து ஒரு மணி நேரம் நான் தனியா இந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். ஒரு மணி நேரம் கிடைச்சா நான் ஒரு காரணம் கண்டுபிடிச்சுடுவேன் தம்பி. வீட்டம்மாவுக்கு ரத்தக் கொதிப்பும்பேன், பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கும்பேன், முறைன்னு ஒண்ணு இருக்கும்பேன். என்னை எனக்குத் தெரியும். மூணு மணிக்கு 'நினைவில்லை'ன்னு கையெழுத்துப் போட்டுட்டு இதே பஸ்ஸுல திரும்பி வருவேன். அதுக்குள்ள அவ கையில இது போயிடணும்.

அலுவலகக் காகிதத்தை வெளி ஆள் ஃபோன்ல... ஆமா, முறையில்லைதான். கிடக்கட்டும். அனுப்புங்க.

கீழ ஒரு வரி எழுதுங்க. 'கவர் என்கிட்டதான் இருந்தது. இன்னிக்குத்தான் பிரிச்சேன். ஏகாம்பரம்.' மன்னிச்சுடுன்னு போடவா? வேணாம். அதை நேர்ல சொல்லணும். அந்தப் பையன்கிட்டயும் நேர்லதான் சொல்லணும், அவன் காலைப் பார்த்துக்கிட்டு.

ஓசூர் வந்துடுச்சே. கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துப்பா, புண்ணியமாப் போகும்! இருங்க தம்பி, இறங்காதீங்க. போயிடுச்சா? போயிருக்கும்னு சொல்லாதீங்க. பார்த்துச் சொல்லுங்க.